குடும்பத்தோடு ஒரு நாள்: ஸ்காட்லாந்தில் எந்தக் குலக் கோட்டைக்குப் போகலாம்?

ஜூன் பிறந்தால் போதும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "ஒரு நாள்தான் கையில இருக்கு. சின்னவங்களும் இருக்காங்க, பெரியவங்களும் இருக்காங்க. எந்தக் கோட்டைக்குப் போகலாம்?" எடின்பரோவும் ஸ்டர்லிங்கும் பார்த்து முடித்தவர்கள் இவர்கள். அரசர்களின் கோட்டைகளைப் பார்த்தாயிற்று, இனி மலைநாட்டுக் குலங்களின் கோட்டை ஒன்றைப் பார்க்க ஆசை.

இந்தக் குலங்களை அங்கே 'கிளான்' என்பார்கள். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள், சந்ததி என்று பொருள். ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்ற நம்பிக்கையில் சேர்ந்து வாழ்ந்த மக்கள், அவர்களுக்கு ஒரு தலைவர், அந்தத் தலைவருக்கு ஒரு கோட்டை. சில கோட்டைகளில் அந்தத் தலைவரின் வாரிசுகள் இன்றும் குடியிருக்கிறார்கள். சுவரில் தொங்கும் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே போன வருடக் கல்யாணப் படமும் இருக்கும். எனக்கு இந்தக் கோட்டைகள் பிடித்துப் போனது அதனால்தான்.

நாங்கள் கிளாஸ்கோவில் இருக்கிறோம். முதல் வருடம் படத்தில் அழகாக இருந்த கோட்டையைத் தேர்ந்தெடுத்தோம். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். நடுவில் கோட்டைக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அம்மா படியேற முடியாமல் கீழே கடையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு வயது மகள் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்துப் போகத் தொடங்கினோம். இதுவரை பார்த்தவற்றில் பலரும் குழம்பும் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பிளேர், இன்வரேரி, எலியன் டோனன், டன்வேகன்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதலாவது, வீட்டு வாசலிலிருந்து கோட்டை வாசல் வரை ஆகும் நேரம். மலைநாட்டுச் சாலைகளில் தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்க முடியாது. வளைவுகள் அதிகம், முந்திச் செல்ல இடம் குறைவு. கோடையில் கேரவன்களின் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு பக்கப் பயணம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால், சிறு குழந்தை உள்ள குடும்பம் அதை ஒரே நாளில் போய்வர நினைக்கக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, படிகள். கோட்டை என்றாலே குறுகிய சுழல் படிக்கட்டு. தள்ளுவண்டியைப் பெரும்பாலும் உள்ளே கொண்டுபோக முடியாது. முழங்கால் வலி உள்ளவருக்கு உள்ளே பார்க்க எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பலர் மறப்பது: கோட்டைக்கு வெளியே என்ன இருக்கிறது? அறைகளைச் சுற்றிப் பார்க்க எப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குழந்தைகளுக்கு நாள் நிறைவது தோட்டத்திலும் காட்டிலும் தண்ணீரிலும்தான்.

அப்புறம் மழை. அதைத் தவிர்க்க முடியாது. மழை பெய்தால் அந்த இடத்தில் நாள் எப்படிப் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

| | பிளேர் | இன்வரேரி | எலியன் டோனன் | டன்வேகன் |
|---|---|---|---|---|
| குலம் | மரே | கேம்பெல் | மெக்ரே | மெக்லவுட் |
| கிளாஸ்கோவிலிருந்து காரில் | சுமார் 2 மணி | சுமார் 1 மணி 45 நிமிடம் | சுமார் 4 மணி | 5 மணி நேரத்துக்கு மேல் |
| இன்வர்னஸிலிருந்து காரில் | சுமார் 1½ மணி | சுமார் 3 மணி | சுமார் 1½ மணி | சுமார் 2¾ மணி |
| கார் இல்லாமல் | ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம் | கிளாஸ்கோவிலிருந்து நேர் பஸ் | பஸ் உண்டு, நாள் முழுதும் பயணம் | கடினம் |
| அங்கே செலவாகும் நேரம் | 5 மணி நேரம் வரை | ஊரோடு சேர்த்து 4 மணி | 1½ முதல் 2 மணி | 3 முதல் 4 மணி |
| படிகள் | நிறைய | நடுத்தரம் | நிறைய, செங்குத்து | நடுத்தரம், படகுத்துறைக்கு இறக்கம் |
| மழை நாளில் | நன்று | மிக நன்று | சுமார் | படகு நின்றுபோகலாம் |

## பிளேர்: சின்னவர்களும் பெரியவர்களும் சேர்ந்து போனால்

பெர்த்ஷயரில் பிளேர் அத்தால் என்ற சிற்றூரில், வெள்ளைச் சாந்து பூசிய பெரிய கோட்டை. இதன் பழைய கோபுரத்தை 1269-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். மரே குலத்தைச் சேர்ந்த அத்தால் டியூக்குகளின் வீடு இது. இன்று ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. முப்பது அறைகள் வரை பார்க்கலாம். நுழைந்ததும் கூடம் முழுக்க வாளும் கேடயமும் துப்பாக்கியும். நடன அரங்கின் சுவரெங்கும் மான் கொம்புகள்.

ஒன்பது வயது மகனிடம் போகிற வழியில் நான் சொன்ன கதை இது. 1745-ல், அரியணையை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் ஆட்சியில் அமர்த்த ஜேக்கபைட் கிளர்ச்சி வந்தபோது இந்த வீட்டு அண்ணன் தம்பிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். டியூக்காக இருந்த ஜேம்ஸ் அரசாங்கத்தின் பக்கம். தம்பி லார்ட் ஜார்ஜ் மரே கிளர்ச்சிப் படையின் தளபதி. 1746 மார்ச் மாதம், அரசுப் படை உள்ளே இருக்க, ஜார்ஜ் தான் வளர்ந்த வீட்டையே முற்றுகையிட்டார். சிவக்கக் காய்ச்சிய குண்டுகளைக் கூரைமேல் வீசினார். பிரிட்டனில் கடைசியாக முற்றுகையிடப்பட்ட கோட்டை இதுதான். உள்ளே நுழைந்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி, "அவர் ரூம் எது?" என்பதுதான். கதை தெரிந்து போனால் அறைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது.

வெளியேதான் நாளின் பெரும்பகுதி போகும். ஒன்பது ஏக்கரில் மதில் சூழ்ந்த ஹெர்குலிஸ் தோட்டம், குளங்கள், வாத்துகள். டயானா தோப்பில் நிற்கும் மரங்கள் பிரிட்டனின் மிக உயரமானவற்றில் சேர்ந்தவை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். செம்மான் பூங்காவும், குழந்தைகள் ஏறி விளையாட மரத்தால் ஆன பெரிய விளையாட்டு மைதானமும் உண்டு. பாதைகள் அகலம், அதனால் தோட்டத்துக்குத் தள்ளுவண்டி தாராளமாகப் போகும். அம்மா தரைத்தளத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பெஞ்சில் வெயில் காய்ந்தார். அவருக்கு அன்றைய நாள் நிறைவாகவே இருந்தது.

கார் இல்லாதவர்களுக்கு நான்கில் இதுதான் எளிது. எடின்பரோவிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. இன்வர்னஸ் போகும் எல்லா ரயிலும் பிளேர் அத்தாலில் நிற்காது என்பதால், திரும்பும் ரயிலை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் போகும் ரயிலை முடிவு செய்யுங்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் மே மாதக் கடைசி வார இறுதியில் போங்கள். அத்தால் ஹைலேண்டர்ஸ் அணிவகுப்பு அப்போதுதான். ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் ஒரே தனியார் படை இது. 1844-ல் விக்டோரியா மகாராணி இங்கே வந்து தங்கினார், அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கொடி வழங்கினார். கில்ட் அணிந்த வீரர்கள் பேக்பைப் ஒலிக்க நடந்து வருவதை என் மகள் இன்னும் நடித்துக் காட்டுகிறாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம், தங்கும் விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

குறை என்று சொன்னால், முப்பது அறை என்பது சிறு குழந்தைக்கு மிக நீளம். பாதியில் சலித்துவிடுவார்கள். ஒருவர் குழந்தையோடு மைதானத்தில் இருக்க, மற்றவர் உள்ளே போய்வருவது நல்லது. தோட்டத்துக்கு மட்டும் குறைந்த விலையில் தனி டிக்கெட் கிடைக்கிறது.

## இன்வரேரி: மழை நாளுக்கும் அரை மனதோடு கிளம்புபவர்களுக்கும்

லாக் ஃபைன் என்ற நீண்ட கடற்கழியின் கரையில், கேம்பெல் குலத்தலைவரான ஆர்கைல் டியூக்கின் வீடு. அவர் குடும்பம் இன்றும் இங்கேதான் வசிக்கிறது. முற்றுகைக்காகக் கட்டிய பழைய கோட்டை இது இல்லை. 1746-ல் அடிக்கல் நாட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக் கட்டிய மாளிகை. 1877-ல் தீப்பிடித்த பிறகுதான் மூன்றாம் மாடியும், இன்று எல்லோரும் படமெடுக்கும் கூம்புக் கூரைகளும் வந்தன. குழந்தைகளுக்கு இது கதைப்புத்தகக் கோட்டை மாதிரியே தெரியும்.

உள்ளே ஆயுதக் கூடம்தான் உச்சம். 21 மீட்டர் உயரக் கூரை, அதன் கீழே துப்பாக்கிகளும் ஈட்டிகளும் கோடரிகளும் வட்ட வட்டமாகச் சூரியகாந்திப் பூப்போல அடுக்கப்பட்டிருக்கும். பார்க்கும் அறைகள் குறைவு, ஒரு மணி நேரத்தில் நிதானமாக முடித்துவிடலாம். சின்னக் குழந்தைக்கு இந்த அளவுதான் சரி. பேய்க்கதை பிடிக்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் மெக்ஆர்தர் அறைக் கட்டிலைக் காட்டுங்கள். 1644-ல் கொல்லப்பட்ட ஒரு யாழ் வாசிப்பவரின் ஆவி அங்கே உலவுவதாகச் சொல்கிறார்கள்.

இன்வரேரியின் பெரிய பலம் கோட்டைக்கு வெளியே, பத்து நிமிட நடையில் இருக்கிறது. டியூக்குகள் பழைய ஊரையே பெயர்த்து நகர்த்திக் கட்டிய அழகான சிறு நகரம் அது. பழைய நீதிமன்றமும் சிறைச்சாலையும் இப்போது அருங்காட்சியகம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கோட்டையைவிட அது அதிகம் பிடிக்கலாம். மழை கொட்டினாலும் நாள் வீணாகாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1692 பிப்ரவரியில் கிளென்கோ பள்ளத்தாக்கில் மெக்டொனால்ட் குலத்தார் அரசுப் படையால் கொல்லப்பட்ட சம்பவத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. ஜனவரி முதல் தேதிக்குள் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆணை. முதியவரான அந்தக் குலத்தலைவர் முதலில் ஃபோர்ட் வில்லியம் போனார். அங்கே அதிகாரம் இல்லை என்று சொல்லி இன்வரேரிக்கு அனுப்பினார்கள். பனிக்காலத்தில் மலைகளைத் தாண்டி வந்து சேர்வதற்குள் கெடு முடிந்திருந்தது. அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டினார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைப் பேசலாம். பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆயுதக் கூடத்தின் அழகுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

போகும் வழியில் 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்' என்ற கணவாயைக் கடக்க வேண்டும். கனமழையில் அங்கே மண் சரிந்து சாலை மூடப்படுவது அடிக்கடி நடப்பது. கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள். இல்லையென்றால் பெரிய சுற்று.

## எலியன் டோனன்: பிற பயணத்தோடு சேர்த்தால் மட்டும்

படத்தில் அழகாக இருந்தது என்று சொன்னேனே, அது இதுதான். மூன்று லாக்குகள் (கடற்கழிகள்) சேரும் இடத்தில் ஒரு குட்டித் தீவு, கல் பாலம், பின்னால் மலைகள். சினிமாக்காரர்கள் விடவில்லை, தமிழ்ப் படப் பாட்டு ஒன்றிலும் பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் "அந்தக் கோட்டை" என்று கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் நீங்கள் பார்க்கும் கட்டடத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டையை 1719 மே மாதம் அரசுப் போர்க்கப்பல்கள் தாக்கின. அந்த ஆண்டு நடந்த இன்னொரு ஜேக்கபைட் கிளர்ச்சிக்கு உதவ வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்பானிய வீரர்கள் அப்போது உள்ளே இருந்தார்கள். அவர்கள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தை வைத்தே அரசுப் படையினர் கோட்டையைத் தகர்த்தார்கள். இருநூறு ஆண்டுகள் வெறும் இடிபாடு. 1911-ல் ஜான் மெக்ரே-கில்ஸ்ட்ராப் என்பவர் தீவை வாங்கி, இருபது ஆண்டுகள் உழைத்து 1932-ல் கட்டி முடித்தார். தன் குலத்தார் காவல் காத்த கோட்டை என்பதற்காக ஒருவர் இவ்வளவு செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வரும் வழியில் கிளென் ஷீல் பள்ளத்தாக்கில் ஒரு மலைக்கு இன்றும் 'ஸ்பானியர் சிகரம்' என்றுதான் கேலிக் மொழியில் பெயர்.

உள்ளே விருந்து மண்டபமும், 1930-களின் சமையலறையும் உண்டு. மாதிரி உணவும் பொம்மைச் சமையல்காரர்களுமாக அந்தச் சமையலறை குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒட்டுக்கேட்கும் துளையைத் தேட விடுங்கள். ஆனால் படிகள் செங்குத்து, அறைகள் சிறியவை, கோடை மதியத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கினால் நகர இடமிருக்காது. தோட்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எனவே இதற்கென்று தெற்கிலிருந்து ஒரே நாளில் போய்வராதீர்கள். இன்வர்னஸில் தங்கியிருந்தாலோ, ஸ்கை தீவுக்குப் போகும் வழியிலோ பாருங்கள். அப்படியானால் கட்டாயம் இறங்க வேண்டிய இடம். நான்கில் டிக்கெட் விலை குறைவு, மற்றவை குளிர்காலத்தில் மூடிக்கிடக்க இது ஆண்டின் பெரும்பகுதி திறந்திருக்கும். படியேற முடியாத பெரியவர்கள் பாலத்தில் நடந்து, கரையிலிருந்து பார்த்தாலே பாதி அனுபவம் கிடைத்துவிடும்.

## டன்வேகன்: இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால்

மனதுக்கு மிக நெருக்கமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஸ்கை தீவின் வடமேற்கில், கடலை ஒட்டிய பாறைமேல், ஏறக்குறைய 800 ஆண்டுகளாக மெக்லவுட் குலத்தலைவர்களின் வீடு.

இங்கே பார்க்க வேண்டியது தேவதைக் கொடி. நிறம் மங்கிப் பழுப்பேறி, ஓட்டை விழுந்த பட்டுத் துணி, கண்ணாடிச் சட்டத்துக்குள். கதை தெரியாமல் பார்த்தால் பிள்ளைகள் ஒரு நொடிகூட நிற்க மாட்டார்கள். அதனால் காரிலேயே சொல்லிவிடுங்கள். குலத்தலைவர் ஒருவர் ஒரு தேவதையை மணந்தார். ஒரு வருடமும் ஒரு நாளும் முடிந்தால் அவள் தன் உலகத்துக்குத் திரும்ப வேண்டும். குழந்தையை விட்டுவிட்டு அவள் பிரிந்த இடம் தேவதைப் பாலம். டன்வேகனுக்கு வரும் சாலையில், ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் அந்தக் கல் பாலம் இருக்கிறது, வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். பிறகு ஒரு இரவு, விருந்தின் ஓசையில் தாதி அறையை விட்டுப் போக, குழந்தை அழுதது. தாய் வந்து இந்தத் துணியால் போர்த்தித் தாலாட்டுப் பாடிவிட்டுப் போனாள். குலத்துக்கு ஆபத்து வரும்போது மூன்று முறை இதை விரிக்கலாம். இரண்டு முறை போரில் விரித்துவிட்டார்கள். இன்னும் ஒரு முறை மிச்சம். இரண்டாம் உலகப் போரில் இந்தக் குலத்து விமானப்படை வீரர்கள் கொடியின் புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பறந்தார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த என் மகள் அந்தச் சட்டத்தின் முன்னால் நின்றபடி, "குழந்தைக்குக் குளிருமில்ல?" என்றாள்.

கோட்டைக்குக் கீழே படகுத்துறை. சிறு மரப் படகில் சுமார் 25 நிமிடம் சீல் என்னும் கடல்நாய்களைப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். ஜூன், ஜூலையில் குட்டிகளும் இருக்கும். படகு பாறைக்கு அருகே போனாலும் அவை பாட்டுக்குப் படுத்திருக்கும். இதற்குத் தனி டிக்கெட், காற்று பலமாக இருந்தால் படகு கிடையாது. நீர்த்தோட்டமும் மதில் தோட்டமும் நடக்க இதமானவை. ஆறேழு கிலோமீட்டர் வடக்கே கிளேகனில் ஒரு வெள்ளைக் கடற்கரை இருக்கிறது, பவளக் கடற்கரை என்று பெயர், கட்டணமில்லை.

தூரம்தான் சிக்கல். ஸ்கை பாலத்துக்கு 2004 கடைசியில் சுங்கம் நீக்கிவிட்டார்கள், ஆக அந்தச் செலவு இல்லை. ஆனால் தீவில் கோடைகால விடுதிக் கட்டணம் கோட்டை டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. பல மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் நால்வருக்கு அறை கிடைப்பதே கடினம். உள்சாலைகள் பல ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிடத்தில் நின்று வழிவிட வேண்டும். பழகாதவர்கள் இரவில் ஓட்டாதீர்கள்.

## டிக்கெட்டுக்கு வெளியே ஆகும் செலவு

பழைய கோட்டைகளைப் பராமரிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் பாஸ் வைத்திருப்பவர்கள் அது இங்கெல்லாம் செல்லும் என்று நினைத்து வருகிறார்கள். செல்லாது. பழைய கட்டடங்களைக் காக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் உறுப்பினர் அட்டையும் அப்படியே. இந்த நான்கும் குடும்பங்களோ அறக்கட்டளைகளோ நடத்துபவை. குடும்ப டிக்கெட் எடுக்கும் முன் தாத்தா பாட்டிக்குத் தனியாக ஆகும் தொகையையும் கூட்டிப் பாருங்கள். சில நேரம் ஐந்து தனி டிக்கெட்டும் ஏறக்குறைய அதே விலைக்கு வரும்.

சாப்பாடு இன்னொன்று. கோட்டை உணவகங்களில் சூப், சாண்ட்விச், சுட்ட உருளைக்கிழங்கு, ஸ்கோன் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பைக் கேட்டு வாங்குங்கள், கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடுகிறோம். பிளேரிலும் இன்வரேரியிலும் வெளியே உட்கார்ந்து சாப்பிட நிறைய இடம் உண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கம் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி கடிக்கும். காற்றில்லாத, மேகம் மூடிய மாலையில் கூட்டமாக வரும். டன்வேகன், எலியன் டோனன், இன்வரேரி போவோர் தடவிக்கொள்ள மருந்து எடுத்துச் செல்லுங்கள்.

## இன்னும் முடிவு வராவிட்டால்

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையும் அறுபதைத் தாண்டிய பெரியவரும் ஒரே வண்டியில் வந்தால், யோசிக்காமல் பிளேர். வானிலை மோசம், கிளாஸ்கோவிலிருந்து காலை பத்து மணிக்குத்தான் கிளம்ப முடியும் என்றால் இன்வரேரி. இன்வர்னஸில் தங்கியிருக்கிறீர்கள், லாக் நெஸ் ஏரியை எப்படியும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அதே வழியில் மேலே போய் எலியன் டோனன். பள்ளி விடுமுறையில் மூன்று நாள் கிடைத்தால் எலியன் டோனனைப் போகும் வழியில் பார்த்துவிட்டு டன்வேகன்.

ரயில்மேல் பித்துள்ள பிள்ளை இருந்தால் வடக்கே சதர்லாண்டில் டன்ராபின் கோட்டையையும் நினைத்துப் பாருங்கள். அதற்கென்றே கோடையில் மட்டும் இயங்கும் குட்டி ரயில் நிலையம் உண்டு, தோட்டத்தில் வல்லூறுகளைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். கப்பல் பிடிக்குமென்றால் ஓபனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஃபெரியில் போனால் மல் தீவில் மெக்லீன் குலத்தின் டுவார்ட் கோட்டை. டெக்கிலிருந்தே அது பாறைமேல் நிற்பது தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் கோட்டையின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். இவை வீடுகளும்கூட, கல்யாணத்துக்கும் குடும்ப நிகழ்ச்சிக்கும் சில நாட்கள் மூடிவிடுவார்கள். கடைசி அனுமதி நேரம் மூடும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும், மூன்று மணிக்குள் வாசலில் இருப்பது போலத் திட்டமிடுங்கள்.